மாப்பிள்ளைக்கு என்ன வேலை

ஆடி 25, ஞாயிறு

காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது. அதில் எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்தவள். கை இழுக்கும், ஆனால் எழுத்து வரும். எனக்கு எதுவும் மறக்காது. மற்றவர்களுக்குத்தான் வசதியாக மறந்துபோகிறது. அதற்காக எழுதிவைப்பது.

பேத்தி மோனிஷாவுக்குச் சம்பந்தம் வந்திருக்கிறது. வத்தலக்குண்டு. பையன் பெயர் ராஜபிரபு. லாரி கம்பெனியில் சூப்பர்வைசராம். கொண்டுவந்தது தரகர் இல்லை, என் மகன் கருத்தபாண்டி. கறிக்கடைக்குப் போனால் நல்ல கறியாகக் கேட்டு வாங்கத் தெரியாதவன். இவனுக்கு மாப்பிள்ளை எங்கிருந்து கிடைத்தான்?

"லாரிப் பழக்கம் ஆத்தா" என்றான். "ஆவணி பொறந்ததும் பாக்க வர்றாங்க."

இதில் என்னமோ இருக்கிறது.

கருத்தபாண்டியை லாரி டிரைவர் என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம். முழுப் பொய் இல்லை. லாரியில்தான் போகிறான். கக்கூஸ் தொட்டி உறிஞ்சுகிற லாரி. குழாய் மேலே நிற்கிற தண்ணீரைத்தான் உறிஞ்சும். அடியில் கெட்டியாகிக் கிடப்பதை வாளியில் அள்ள ஒரு ஆள் உள்ளே இறங்கவேண்டும். அந்த ஆள் இவன். இது தெரிந்தால் சம்பந்தம் நிற்காது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பெரியகுளத்துக்காரர்கள் பலகாரத்தைத் தொடாமல் எழுந்து போனது எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. பச்சைச் சேலை கட்டியிருந்தவள் மூக்கைப் பொத்தினாள். அன்றைக்கு வீட்டில் சாம்பிராணி போட்டிருந்தேன்.

ஆடி 27, செவ்வாய்

கருத்தபாண்டி இன்றைக்குத்தான் வேலைக்குப் போனான். பதினைந்து நாளாகப் படுத்திருந்தவன். காய்ச்சல் என்றான். கண் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தது. அக்குளுக்குக் கீழே சுற்றிவரக் கயிறு இழுத்த மாதிரி தடம். மூட்டை தூக்கினேன் என்கிறான். எந்த மூட்டை அக்குளைச் சுற்றி உட்காரும்?

சாயங்காலம் வழக்கம்போலப் பின்சந்து வழியாக வந்தான். மருமகள் பஞ்சவர்ணம் புழக்கடையில் வெந்நீர் வைத்திருந்தாள். அவன் வேலைத்துணியை அவள்தான் அலசுவாள். அதைக் கொடியில் போடமாட்டோம். தனியாக வேப்பமரத்தில் போடுவோம்.

முதலாளி எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னானாம், எறங்குறேன்னு எவனாவது வெளிய சொன்னா மறுநாள் வண்டியில ஏற வேண்டாம் என்று. ஏன் திடீரென்று இப்படிச் சொல்கிறான் என்று கேட்டேன். தெரியாது என்றான். இவனுக்கு என்னதான் தெரியும்?

ஆடி 29, வியாழன்

ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அட்டை, கையில் பெரிய செல்போன் மாதிரி ஒரு டேப். பெயர் சிந்துஜாவாம். சர்க்கார் கணக்கெடுப்பாம். எந்த வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை, யார் என்ன வேலைக்குப் போகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறார்களாம்.

எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. பெண் பார்க்க வருகிற நேரத்தில், எங்கள் தெருவைத் தேடிக்கொண்டு, எந்தச் சர்க்கார் வரும்? என் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வளையல்காரி வந்தாள். வளையல் போடுகிற சாக்கில் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தண்ணீர் வேண்டும் என்று அடுக்களை வரை வந்து அரிசிப்பானையைத் திறந்து பார்த்தாள். கல்யாணத்தன்று பார்த்தால் மணவறைக்குப் பக்கத்தில் நிற்கிறாள், என் மாமியாரின் தங்கை. அவள் எழவுக்கு நான் போனேன். அழவில்லை.

அந்தக் காலத்தில் வளையல். இந்தக் காலத்தில் டேப். அவ்வளவுதான்.

வா என்று உட்காரவைத்தேன்.

"கக்கூஸ் உள்ளயா வெளியயா பாட்டி?"

"உள்ள. ரெண்டு இருக்கு." இருப்பது ஒன்று. அதற்கும் கதவுக்குப் பதில் சாக்குப்படுதா.

"தண்ணி?"

"குழாயைத் தொறந்தா நிக்காது."

"பிரிட்ஜ் இருக்கா?"

"ரிப்பேருக்குப் போயிருக்கு."

"மகன் என்ன வேலை?"

"டிரைவர்."

"என்ன வண்டி?"

"பெரிய வண்டி."

சாதி கேட்டாள். சொந்தச் சாதிக்காரியிடமே சாதி கேட்கிறாள், என்ன நடிப்பு. நானும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி சொன்னேன்.

"பேத்திக்கு இருவது பவுன் போடுறோம்."

"அதை நான் கேக்கலையே பாட்டி."

"கேக்காட்டி என்ன. எழுதிக்க."

சிரித்துக்கொண்டாள். பிறகு குரலை இறக்கி, "வீட்டுல யாராச்சும் தொட்டியிலயோ சாக்கடையிலயோ எறங்குற வேலைக்குப் போறாங்களா?" என்றாள்.

இதற்குத்தான் வந்திருக்கிறாள். நான் அசரவில்லை. "அந்தப் பேச்சே இந்த வீட்ல கெடையாது" என்றேன். பஞ்சவர்ணம் நிலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். உள்ளே போ என்று கண்ணைக் காட்டினேன்.

ஆவணி 1, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. மோனிஷாவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். பி.காம் முடித்து ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள், ஒரு மணிநேரம் சும்மா இருக்கமாட்டேன் என்கிறாள். மாப்பிள்ளை போட்டோவைக் காட்டினால் "பாத்துட்டேன் அப்பத்தா" என்கிறாள். எப்போது பார்த்தாள்?

ஆவணி 3, செவ்வாய்

அந்த டேப்காரி மறுபடியும் வந்தாள்.

"இந்தத் தெரு பூராவும் கேட்டுட்டேன் பாட்டி. எறங்குற ஆளு ஒருத்தர்கூட இல்லைங்கிறாங்க. அப்ப ஊர்ல இருக்கிற தொட்டியெல்லாம் யாரு சுத்தம் பண்றா?"

"மழை" என்றேன்.

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டாள். முன்னால் எல்லாம் இந்தக் கணக்கை ஆபீசைக் கேட்டு எழுதினார்களாம். ஆபீஸ் காண்ட்ராக்டரைக் கேட்குமாம். அவன் ஆளே இல்லை என்பானாம். அதனால் இந்த ஊரில் இறங்குகிறவர் யாருமே இல்லை என்று தாளில் இருக்கிறதாம். இந்தத் தடவை வீட்டைக் கேட்டு எழுதவேண்டும் என்று உத்தரவாம். ஆவணிக் கடைசியோடு கணக்கை மூடிவிடுவார்களாம்.

"கணக்குல பேரு இருந்தாத்தான் ஆஸ்பத்திரி, மாத்து வேலைக்குக் கடன் எல்லாம் கேக்க முடியும் பாட்டி. இல்லாத ஆளுக்கு யாரு குடுப்பா?"

நன்றாகத்தான் பேசுகிறாள். சர்க்கார் எழுதுகிற லட்சணம் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் தொட்டிக்குள் செத்தார். குடித்துவிட்டுத் தவறி விழுந்தார் என்று எழுதினார்கள். அவர் வெள்ளிக்கிழமை குடிக்கமாட்டார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. எழுதினவன் வழுக்கைத்தலை, இடது கையில் மோதிரம். இன்றைக்கு ரோட்டில் பார்த்தாலும் அடையாளம் சொல்வேன்.

இருந்தாலும் மாப்பிள்ளை வீட்டு ஆள் இவ்வளவு நேரம் தரையில் உட்காருவாளா என்று ஒரு யோசனை வந்தது. நன்றாகப் பழக்கிவிட்டிருப்பார்கள்.

ஆவணி 6, வெள்ளி

அவர்கள் ஆள் அனுப்பி என் வீட்டைப் பார்க்கலாம் என்றால் நான் போய் அவர்கள் வீட்டைப் பார்க்கக்கூடாதா? கோவிலுக்கு என்று சொல்லிவிட்டு வத்தலக்குண்டு பஸ் ஏறினேன். பெண்களுக்கு இலவசம் என்பதால் கண்டக்டர் டிக்கெட்டை எறிகிற மாதிரி கொடுத்தான். மூக்கில் மரு உள்ளவன். இருக்கட்டும்.

தெருவை விசாரித்து, வாடகைக்கு வீடு தேடுகிறவள் மாதிரி போய் நின்றேன். பையனின் அம்மா அன்னக்கொடிதான் வந்தாள். அவள் முகம் எனக்குப் போட்டோவில் தெரியும். என் முகம் அவளுக்குத் தெரியாது.

"இங்க காலி வீடு ஏதும் இருக்கா தாயி?"

"இந்தத் தெருவுல ஏது பெரியம்மா. வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க."

செம்பில் தண்ணீர் கொடுத்தாள். பேச்சுக் கொடுத்தேன். புருஷன் போய் ரொம்ப வருடம், ஒரே மகன், சூப்பர்வைசர், கல்யாணம் கூடிவருகிறது, பெண்ணின் அப்பா டிரைவர் என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

"போன வாரம் ஒருத்தி வந்தா பெரியம்மா. கணக்கெடுக்கிறேன்னு. கழுத்துல அட்டை, கையில டேப். எனக்குத் தெரியாதா, பொண்ணு வீட்டுல வேவு பாக்க அனுப்பிருக்காங்க. இருக்கிறது இல்லாதது எல்லாத்தையும் இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நாங்கள் யாரையும் அனுப்பவில்லை. அப்படியானால் இங்கே வந்தவள் சர்க்கார் ஆள். அப்படியானால் எங்கள் வீட்டுக்கு வந்தவளும் சர்க்கார் ஆள். இரண்டு கக்கூஸும் இருபது பவுனும் சர்க்காரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

முகம் கழுவ வேண்டும் என்று புழக்கடைக்குப் போனேன். கொடி நிறையத் துணி காய்ந்தது. கொடியை விட்டு ஒதுங்கி, முருங்கைக் கிளையில் ஒரு அரைக்கால் சட்டையும் பனியனும் தனியாகத் தொங்கின. கல்லில் சிவப்புச் சோப்பு, கருத்தபாண்டிக்கு நாங்கள் வைக்கிற அதே சோப்பு. பின்சந்துக் கதவு திறந்தே கிடந்தது. சட்டையின் அளவு வயசுப் பையனுடையது.

சூப்பர்வைசராம். ஏமாற்றுக்காரக் குடும்பம். என் பேத்தியை இறங்குகிறவனுக்கா கொடுப்பது?

ஆவணி 7, சனி

காலையில் எல்லாரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். "இந்தச் சம்பந்தம் வேண்டாம். பையன் எறங்குறவன். பொய் சொல்லிக் கட்டப் பாக்குறாங்க."

கருத்தபாண்டிக்கு முகம் மாறவில்லை. அதைக் கவனித்தேன். "நாளைக்கு வரட்டும் ஆத்தா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

பஞ்சவர்ணம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள். "எங்க அம்மாகிட்ட நீங்க என்ன சொல்லி என்னையக் கட்டிட்டு வந்தீங்க அத்தை?"

"டிரைவர்னு."

"அப்புறம்?"

அப்புறம் என்ன அப்புறம்? லாரி ஓடத்தானே செய்தது. இவளுக்கு வாய் நீண்டுவிட்டது. வந்த புதிதில் ஒருநாள் அவன் துணியை எடுத்துப்பார்த்துவிட்டுப் புழக்கடையில் குமட்டிக்கொண்டு நின்றாள். முழுகாமல் இருக்கிறாள் என்று தெருவில் சொல்லிவைத்தேன். அப்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. இத்தனை வருடம் வைத்திருந்து இன்றைக்குக் கேட்கிறாள். மனசில் வைத்துக்கொள்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

மோனிஷா டிபன்பாக்ஸை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். அழுதிருக்கிறாள். எதற்கு?

ஆவணி 8, ஞாயிறு

வந்தார்கள். அன்னக்கொடி, பையன், ஒரு தாய்மாமன். கேசரி கிளறியிருந்தது. அன்னக்கொடி என்னைப் பார்த்ததும் கொண்டுவந்த தட்டைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"வீடு கெடச்சுதா பெரியம்மா?"

"கெடச்சுது. முருங்கை மரத்துல துணி காயப்போடுற வீடு. ஒங்க மகன் எந்தத் தொட்டிக்கு சூப்பர்வைசர்?"

அவள் பதறவில்லை. வந்தவுடனே கை கழுவுகிறேன் என்று எங்கள் புழக்கடைக்குப் போய் வேப்பமரத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். "ஒங்க மகன் எந்த லாரிக்கு டிரைவரோ அந்த லாரி போற தொட்டிக்குத்தான்" என்றாள்.

தாய்மாமன் செருப்பைத் தேட ஆரம்பித்தார். அந்தப் பையன்தான் பேசினான். குரல் மெதுவாக இருந்தது.

"அப்பத்தா, மாமாவை எனக்கு மொதல்லயே தெரியும். போன மாசம் ஒரு லாட்ஜ் தொட்டியில ஒண்ணா வேலை பாத்தோம். மாமா உள்ள போயி சத்தத்தையே காணோம். மேல நின்ன ஆளு கயித்தை விட்டுட்டு ஓடிட்டான். நான்தான் எறங்கி, அக்குள்ள கயித்தைக் கட்டி இழுத்தேன்."

பஞ்சவர்ணம் கருத்தபாண்டியின் அக்குளையே பார்த்தாள். மூட்டை தூக்கினானாம் மூட்டை.

"செத்துருக்கணும் ஆத்தா" என்றான் கருத்தபாண்டி. "கண்ணு முழிச்சப்ப இவன் மடியில கெடந்தேன். இவனுக்குக் குடுக்காம எவனுக்குக் குடுக்கச் சொல்ற?"

அடுக்களையிலிருந்து மோனிஷா வெளியே வந்தாள். கட்டியிருந்தது நான் எடுத்துக்கொடுத்த பட்டு இல்லை. கடைக்குக் கட்டுகிற சேலை.

"அப்பாவை இழுத்ததுக்குக் கும்புடுறேன்" என்றாள் அவனைப் பார்த்து. "ஆனா எறங்குற ஆளுக்கு நான் கழுத்தை நீட்ட மாட்டேன். சாயங்காலமானா பின்னாடிக் கதவைப் பாத்துக்கிட்டே அம்மா நிக்கும். வர்றாரா இல்லையான்னு. அந்த நிப்பு எனக்கு வேண்டாம்."

"வேற வேலை யாரு தருவா?" என்றான்.

"அந்தக் கணக்குல பேரைக் குடுங்க. நீங்களும் அப்பாவும். வெளிய வந்து கேளுங்க. ஆளே இல்லைன்னு எழுதிவச்சா யாருகிட்டப் போயிக் கேப்பீங்க?"

"பேரு குடுத்தா மறுநாளே வேலை போயிரும்."

"போகட்டும். அப்புறம் வந்து பேசுங்க."

ஒரு பையனிடம் இவள் இவ்வளவு நேரம் நின்று பேசி நான் பார்த்ததில்லை. அவனும் கேட்டுக்கொண்டே நின்றான். கேசரி ஆறிப்போனது. ஆனால் இவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

ஆவணி 10, செவ்வாய்

சிந்துஜாவை வரச்சொன்னோம். ஏற்கெனவே எழுதியதை அழிக்கவேண்டும் என்றேன்.

"எதை பாட்டி?"

"எல்லாத்தையும்."

கக்கூஸ் ஒன்று, கதவு இல்லை. குழாயில் வாரத்துக்கு ஒருநாள் தண்ணீர். பிரிட்ஜ் எந்த ரிப்பேருக்கும் போகவில்லை. பவுனை அவள் எழுதவே இல்லையாம். நல்லவேளை.

வேலை என்ற இடம் வந்தது. பஞ்சவர்ணம்தான் சொன்னாள். "என் வீட்டுக்காரர் கக்கூஸ் தொட்டியில எறங்குறார். எறங்கும்போது மூஞ்சிக்கு எதுவும் குடுக்கிறது இல்ல. போன மாசம் மயங்கி விழுந்தார்." பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, எங்கேயும் நிறுத்தவில்லை. எத்தனை நாளாக இதை உள்ளே சொல்லிப் பார்த்தாளோ.

எழுதியதைப் படித்துக்காட்டு என்றேன். படித்தாள். இன்னொரு தடவை படி என்றேன். படித்தாள். நீ படிக்கிறதுதான் அதில் இருக்கிறது என்று நான் எப்படி நம்புவது என்று மோனிஷாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அதேதான் இருந்தது.

"ஒங்க தெருவுல இதான் மொதப் பேரு பாட்டி" என்றாள்.

எதிர்வீட்டுச் சீனியம்மா ஜன்னலைச் சாத்தினாள். அவள் மகனும் அதே லாரிதான்.

ஆவணி 12, வியாழன்

கருத்தபாண்டியை வண்டியில் ஏறவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆவணி 13, வெள்ளி

வத்தலக்குண்டு போனேன். அவர்களும் எழுதினதை மாற்றிப் பேர் கொடுக்கிறார்களாம். அவர்கள் வீட்டில் கணக்கு எழுதுகிறதை என் காதால் கேட்கவேண்டும். எவரையும் நம்பி விடுகிறவள் நான் இல்லை.

அங்கே வந்தது வேறொரு பெண். கண்ணாடி போட்டவள். "மகன் என்ன வேலை?" என்றாள். அன்னக்கொடிக்குப் பழக்கதோஷம், "சூப்பர்வை" வரை வந்துவிட்டது. என்னைப் பார்த்தாள். நான் அவளுக்கு எடுத்துக்கொடுக்கவில்லை. அது அவள் வாயால்தான் வரவேண்டும். பையன் "அம்மா" என்றான். அவனையும் கையமர்த்தினேன்.

"எறங்குறான்" என்றாள். "அவங்கப்பாவும் எறங்கினாரு. அதுலதான் போனாரு. நெஞ்சுவலின்னு எழுதியிருக்கு."

கண்ணாடிக்காரி எழுதிக்கொண்டிருந்தாள். நான் எழுந்துபோய் அன்னக்கொடி பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுதினவன் எப்படி இருந்தான் என்று கேட்டேன். நல்ல உயரம், வெற்றிலை போடுகிறவன் என்றாள். அவளுக்கும் மறக்கவில்லை.

ஆவணி 19, வியாழன்

கடன் மனு போட்டிருக்கிறார்கள், மாமனும் மருமகனும் சேர்ந்து ஒரு சரக்கு ஆட்டோவுக்கு. வரும் என்கிறாள் சிந்துஜா. வந்தால் பார்க்கலாம். கருத்தபாண்டியை ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுத்திருக்கிறார்கள். அதில் என்ன இருக்கிறது என்று என்னிடம் சரியாகச் சொல்லவில்லை. பஞ்சவர்ணத்துக்குத் தெரியும். கேட்டு வாங்காமல் விடமாட்டேன்.

இப்போதைக்கு அவள் பூக்கட்டப் போகிறாள். அரிசி ரேஷனில் வாங்கியதுதான். மோனிஷா சம்பளம் முதல் தேதி வரும்.

ஆவணி 24, செவ்வாய்

மோனிஷா சரி சொல்லிவிட்டாள். நேற்று வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள். பையனையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் பூ வைக்கத் தலை குனிந்தாள்.

இன்றைக்குச் சீனியம்மா வந்தாள். இத்தனை நாள் ஜன்னலைச் சாத்தியவள். எதற்கு வருகிறாள் என்று தெரியும். உட்காரச் சொன்னேன்.

"பூ வச்சுட்டாங்களாம்ல அக்கா. மாப்பிள்ளைக்கு என்ன வேலை?"

"வேலை இல்ல."

"வெளாடாதீங்க."

"நெசமாத்தான். ஒரு வேலையும் இல்ல."

"வேலை இல்லாதவனுக்கா குடுக்குறீங்க?"

"வேலை இல்லைன்னுதான் குடுக்குறோம்."

என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். பிறகு குரலை இறக்கி, "சூப்பர்வைசர்னு சொன்னாங்களே. எங்கிட்ட எதுக்குக்கா மறைக்கிறீங்க" என்றாள்.

இனிமேல் எனக்கு என்ன வந்தது? அவன் என்ன வேலை பார்த்தான், எங்கே பார்த்தான், ஏன் விட்டான் என்று ஒன்று விடாமல் சொன்னேன். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஒரு வார்த்தையையும் நம்பாதவள் மாதிரி எழுந்தாள். வாசலில் நின்று, அந்தக் கணக்குக்காரப் பெண் மறுபடி எப்போது வருவாள் என்று மட்டும் கேட்டாள்.

"கடைசித் தேதிக்கு முன்னாடி வருவா" என்றேன்.

"சும்மாதான் கேட்டேன்" என்றாள்.